தை அமாவாசையன்று அலையாத்திக்குள்: ஒரு தம்பதியின் நிகழ்வு ஆய்வு

விவாகரத்து கேட்டு மனு போட்டிருந்த ஒரு கணவனும் மனைவியும், காத்திருப்புக் காலத்தின் நடுவில், முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் (கடலோரச் சேற்றில் வளரும் மாங்குரோவ் காடு) இரண்டு இரவு மாட்டிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் காலை ஊர்க்காரர்கள் தேடிப்போய் மீட்டு வந்தார்கள். அடுத்த வாரமே என் எதிரில் வந்து உட்கார்ந்து, "மனுவை வாபஸ் வாங்கிடுறோம்" என்றார்கள். இப்போதும் சேர்ந்துதான் இருக்கிறார்கள்.

இவ்வளவோடு நிறுத்தினால் சினிமாவுக்கு ஆகும். இதைக் கேள்விப்பட்ட சக ஆலோசகர்கள் சிலர், பிரியப் போகிறவர்களைக் காட்டுக்குக் கூட்டிப்போய் ஒரு முகாம் நடத்தினால் என்ன என்று பாதி விளையாட்டாகவும் பாதி நிஜமாகவும் கேட்டார்கள். அவர்களுக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காட்டில் மூண்ட நெருக்கம் மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை. தாங்கியது வேறொன்று. அதற்கு விதை அங்கே விழுந்தது உண்மைதான். முளைக்க வைத்ததோ அதற்குப் பிறகு வந்த ஒரு பெரிய சண்டை.

இருவரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். காட்டையும் தண்ணீரையும் மாற்றவில்லை.

இருவரும்

கணவர் பாபநாசம் பக்கம் நெல் விவசாயக் குடும்பம். படித்துவிட்டு கம்ப்யூட்டர் வேலைக்குப் போனவர், கொரோனாவுக்குப் பிறகு கும்பகோணத்தில் பெற்றோர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். மனைவி முத்துப்பேட்டைக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பம். அந்த வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவர், இப்போது பள்ளி ஆசிரியை. தஞ்சாவூரில் கல்லூரியில் படிக்கும்போது காதல். ஒரு வருடம் எதிர்ப்பு, அப்புறம் அரைமனதோடு சம்மதம், கல்யாணம்.

கணவர் வீடு சைவம். கல்யாணமான முதல் வாரத்திலேயே மாமியார் ஒரு வேண்டுகோள் வைத்தார்: வீட்டுக்குள் மீன் வாசம் வேண்டாம். மிரட்டலாக இல்லை, நயமாகத்தான் சொன்னார். மருமகள் ஒப்புக்கொண்டார். பிறந்த வீட்டுக்குப் போய்வரும்போது ஒரு பொட்டலம் கருவாடுகூடக் கொண்டுவருவதில்லை. நாளாக ஆக, அப்பாவைப் பற்றிப் பேசுவது, குப்பத்தைப் பற்றிப் பேசுவது எல்லாம் குறைந்தது. யாரும் தடுக்கவில்லை. பேச்சு எடுத்தால் கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான். கல்லூரியில் "வாடா போடா" என்று கூப்பிட்டவர், மாமியார் முன்னால் "வாங்க போங்க" என்று ஆரம்பித்து, பிறகு தனியாக இருக்கும்போதும் அப்படியே பேசப் பழகிவிட்டார்.

முதல் சந்திப்பில் இருவரையும் தனித்தனியாகக் கேட்டபோது எழுதிவைத்த குறிப்பு என்னிடம் இருக்கிறது. மனைவி சொன்னது: "நான் எதைச் சொன்னாலும் அவருக்கு ஏற்கெனவே தெரிஞ்சிருக்கும்." கணவர் சொன்னது: "அவ எதையும் சொல்றதே இல்லை." ஒரே கதவை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நின்று குறை சொல்வது போல எனக்குப் பட்டது. ஆனால் அப்போது அதை இருவருக்கும் புரியவைக்க வழி தெரியவில்லை. அடி, குடி, வேறு உறவு எதுவும் இல்லாத வழக்கு. இப்படிப்பட்டவைதான் கடினம். எதைச் சரி செய்யச் சொல்வது?

ஒரு வருடத்துக்கு மேல் பிரிந்து இருந்தார்கள். மனைவி திருவாரூரில் தனியாக அறை எடுத்துத் தங்கினார். பிறகு பரஸ்பர சம்மத மனு. இந்து திருமணச் சட்டத்தில் 1976இல் சேர்க்கப்பட்ட 13பி பிரிவின்படி, மனு போட்டபின் ஆறு மாதம் பொறுத்துத்தான் இரண்டாவது முறை வந்து கேட்க வேண்டும், பதினெட்டு மாதத்துக்குள் கேட்டுவிடவும் வேண்டும். சேர வாய்ப்பே இல்லாத வழக்குகளில் இந்த ஆறு மாதத்தைத் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொன்னது. இவர்கள் தளர்வு கேட்கவில்லை. இருவருக்குமே அவசரம் இல்லை, ஆர்வமும் இல்லை.

இந்த நிலையில் தீபாவளிக்கு முன்பு மனைவியின் அப்பா இறந்துபோனார்.

அமாவாசைக் காலை

மனுவைப் பற்றிக் குப்பத்தில் யாருக்கும் தெரியாது. அதனால் தை அமாவாசை படையலுக்கு மாப்பிள்ளை வராவிட்டால் ஊர் பேசும். கணவர் கும்பகோணத்திலிருந்து பைக்கில் வந்து சேர்ந்தார். மனைவியின் தம்பி தர்ப்பணம் கொடுத்தார். படையல் முடிந்ததும் மனைவிக்கு ஒரு ஆசை: அப்பாவின் வாய்க்காலுக்குப் போய் ஒரு தேங்காயும் பழமும் வைத்துவிட்டு வர வேண்டும்.

வாய்க்கால் என்றால் நெல்வயல் வாய்க்காலை நினைக்கக் கூடாது. முத்துப்பேட்டையில் மீனவர்கள் அலையாத்திக்குள் தலைமுறை தலைமுறையாக வாய்க்கால் வெட்டி மீன் பிடிக்கிறார்கள். தண்ணீர் ஏறும்போது மீனும் இறாலும் உள்ளே வரும். வடியும்போது வாய்க்கால் வாயில் வலை கட்டிப் பிடிப்பார்கள். முறை வைத்துப் பங்கு. வெட்டிய வாய்க்கால்களின் இருகரையிலும் மரம் நன்றாக வளர்வதைப் பார்க்கலாம். அலையாத்திக்கு ஓரளவு உப்பு பகையில்லை, தேங்கிய தண்ணீர்தான் பகை. பிரிட்டிஷ் காலத்தில் மொத்தமாக வெட்டப்பட்ட இடங்கள் குழிந்துபோய், நீர் தேங்கி, வெயிலில் உப்பு ஏறிக் கரம்பாகிவிட்டன. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்த நிலத்தை மீட்க எடுத்த வழியும் வாய்க்கால் வெட்டுவதுதான். மீன் முள் மாதிரி ஒரு நடு வாய்க்கால், பக்கவாட்டில் கிளைகள்.

கணவர் கூடப் போகும் எண்ணத்தில் இல்லை. "மாப்பிள்ளையும் போகட்டும்" என்று சித்தப்பா சொல்லிவிட்டதால் மறுக்க முடியவில்லை. "அப்படியே கிளம்பிடுறோம்" என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனார்கள். இந்த ஒரு வரிதான் பின்னால் வந்த அத்தனைக்கும் காரணம். வீட்டில் எல்லோரும் இருவரும் ஊருக்குப் போய்விட்டதாகவே நினைத்தார்கள். அமாவாசை என்பதால் காட்டுக்குள் வேறு யாரும் தொழிலுக்குப் போகவில்லை.

அப்பாவின் சின்ன ஃபைபர் படகு, பழைய இன்ஜின், ஒரு கழி, ஒரு கயிறு. பையில் பாதி காலியான ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், படையல் பொருள். வேறொன்றும் இல்லை.

தண்ணீர் நன்றாக ஏறியிருந்த முற்பகலில் உள்ளே போனார்கள். வழி மனைவிக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்தார். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல், இந்தக் காட்டை முறித்துப் போட்டது. தென்னந்தோப்புகள் போனதைத்தான் வெளியில் எல்லோரும் பேசினார்கள். உள்ளே விழுந்த மரங்கள் இன்னும் வாய்க்கால்களில் கிடக்கின்றன. சில வாய்க்கால் தூர்ந்துவிட்டது, சில இடத்தில் புதுத் திறப்பு. மனைவி கடைசியாக இங்கே வந்தது கல்யாணத்துக்கு முன்பு. மீட்புக் கதையில் அவரை எல்லாம் தெரிந்தவராக ஆக்கிவிடுகிறார்கள். அப்படியில்லை. தப்பான கிளையில் திரும்பியது அவர்தான்.

அந்தக் கிளையில் கைவிடப்பட்ட வலைத்துண்டு ஒன்று இன்ஜின் விசிறியில் சுற்றிக்கொண்டது. அதை அறுத்து எடுக்க முயன்றுகொண்டிருக்கும்போதே தண்ணீர் வடிய ஆரம்பித்தது.

சேற்றில்

கணவர் செய்த முதல் காரியம், படகைத் தள்ளுவதற்காகக் கீழே குதித்தது. தொடைவரை சேறு. காலை இழுக்க இழுக்க இன்னும் உள்ளே போனது. கையை ஊன்றிய இடத்தில் சிப்பி கிழித்தது. சட்டைப் பையில் இருந்த போனும் சேற்றுக்குள் விழுந்தது. அந்த நேரத்தில்தான் மனைவி பல வருடம் கழித்து அவரை "டேய்" என்று கத்தினாராம். "டேய், ஆடாதடா! படகைப் பிடிச்சிக்கிட்டுப் படு!" நிமிர்ந்து நின்று எக்கினால் மொத்த எடையும் ஒரு காலில் இறங்கும். மார்பைப் படகு விளிம்பில் சாய்த்து, உடம்பைக் கிடைமட்டமாக்கி, காலை மெல்ல ஆட்டி ஆட்டித் தளர்த்தினால் சேறு விடும். அவர் சொன்னபடி செய்தார். மேலே வர வெகுநேரம் ஆனது.

இருவரும் என்னிடம் தனித்தனியாக இந்த இடத்தைச் சொன்னார்கள். மனைவிக்கு நினைவில் நின்றது அவருடைய முகத்தில் தெரிந்த பயம். கணவருக்கு நினைவில் நின்றது வேறு: "அவ குரல்ல ஒரு சந்தேகமும் இல்லை. எங்க வீட்டுல நாலு வருஷமா அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை."

மனைவியின் போனில் சிக்னல் ஒரு கோடு வருவதும் போவதுமாக இருந்தது. 112ஐ அழைத்தார்கள், இணைப்பு நிற்கவில்லை. கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093, கடலோரக் காவல் படைக்கு 1554 என்று தனி எண்கள் இருப்பது இருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் அங்கே பயன்பட்டிருக்காது என்பது வேறு விஷயம். இருட்டுவதற்குள் போன் அணைந்தது.

இரண்டாவது முடிவு

இரவு வெகுநேரம் கழித்துத் தண்ணீர் மறுபடி ஏறியது. படகு லேசாக அசைந்து மிதந்தது. வலையையும் அதற்குள் அறுத்து எடுத்திருந்தார்கள், ஆனால் இன்ஜின் எழவில்லை. கழி இருக்கிறதே, போய்விடலாம் என்றார் கணவர். மிதக்கும் நேரத்தை விட்டால் மறுபடி அரைநாள் போகும் என்ற அவர் கணக்கு சரியானதுதான். மனைவி மறுத்தார். அமாவாசை இருட்டு, எல்லா வாய்க்கால் வாயும் ஒன்று போல இருக்கும், இந்தக் காட்டில் பெரும்பாலும் வெண்கண்டல் மரம்தான் என்பதால் அடையாளத்துக்கு ஒரு மரம்கூடக் கிடையாது. கயிற்றால் படகை ஒரு மரத்தில் கட்டினார்.

இந்த இடத்தில் இருவருக்கும் பலத்த வாக்குவாதம். சுவாரசியம் என்னவென்றால், பிரிவதற்கு முந்தைய இரண்டு வருடத்தில் அவர்கள் உரக்கச் சண்டை போட்டதே இல்லை. மௌனம்தான். காட்டில், கொசுவுக்குச் சேற்றைப் பூசிக்கொண்டு, வாடைக்காற்றில் பல் தந்தியடிக்க, முதல் தடவையாகக் கத்திச் சண்டை போட்டார்கள். கடைசியில் கணவர் ஒரு கேள்வி கேட்டார்: "சரி, ஏன் வேணாம்னு சொல்லு." கேட்டுவிட்டு முழுக்கக் கேட்டார். அப்பா ஒருமுறை இருட்டில் கிளை மாறி லகூனுக்குள் (காட்டை அடுத்து, கடலோடு சேரும் ஆழமில்லாத உப்பங்கழி) இழுத்துச் செல்லப்பட்ட கதை, சின்ன வயதில் அப்பாவோடு வந்து வலை இழுத்தது, பள்ளிக்கூடத்தில் தோழிகளிடம் அதை மறைத்தது எல்லாம் அப்போது வெளியே வந்தது. தூரத்தில் நரி ஊளையிட்டது கணவரைத் தூங்கவிடவில்லையாம். குள்ளநரி படகுக்கு வராது என்று சொல்லியும் நம்பவில்லை.

விடிந்தபோது படகு மறுபடி தரையில் இருந்தது. கணவர் நினைத்தது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நமக்குத் தெரியாது. அன்றிரவே கரை சேர்ந்திருக்கவும்கூடும். மனைவியின் முடிவு சரி என்று நிரூபணமானதால் உறவு மாறியது என்று நான் நினைக்கவில்லை. முடிவு சரியா தப்பா என்று தெரியாத நிலையிலேயே கணவர் கேட்டு ஒத்துக்கொண்டார். எனக்கு அதுதான் முக்கியம்.

கண்ணும் தண்ணீரும்

இரண்டாம் நாள் வெயிலுக்கு நிழல் வேண்டும் என்று கணவர் கைக்கெட்டிய ஒரு கிளையை ஒடித்தார். அது தில்லை மரம். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்ததும் இதே மரத்தால்தான். அதை உடைத்தால் வழியும் வெள்ளைப் பால் தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் தற்காலிகமாகப் பார்வையே போகும். பால் பட்ட கையால் நெற்றி வேர்வையைத் துடைத்தார். சற்று நேரத்தில் வலது கண்ணைத் திறக்க முடியவில்லை.

மனைவி முதலில் வாய்க்கால் தண்ணீரை அள்ளிக் கழுவினார். எரிச்சல் அடங்கவில்லை. பாட்டிலில் மிச்சம் இருந்தது நாலைந்து மடக்கு. "அது குடிக்கிறதுக்கு, வேணாம்" என்று கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மனைவி தலையைப் பிடித்துத் திருப்பி, பாதியை ஊற்றிக் கழுவினார். மிச்சத்தை அவருக்கே கொடுத்தார். அப்புறம் அப்பாவுக்கு என்று கொண்டுபோன தேங்காயைப் படகு விளிம்பில் தட்டி உடைத்தார். படையல் வைக்காமலே குடித்துவிட்டோமே என்ற உறுத்தல் அவருக்கு இன்றும் இருக்கிறது. "அப்பா இருந்தா அவரே உடைச்சுக் கொடுத்திருப்பார்" என்று கணவர் சொன்னாராம். அதைச் சொல்லும்போது மனைவி என் முன்னால் அழுதார். அப்பா இறந்ததற்குக் கணவர் சொன்ன முதல் ஆறுதல் அதுதான்.

மறுபடி தண்ணீர் ஏறியதும் கழி போட்டு வெளியே வந்தார்கள். வந்தது லகூனில். அங்கே பல இடத்தில் இடுப்பளவுதான் ஆழம், ஆனால் வாடை வடக்கிலிருந்து தள்ளும்போது லேசான ஃபைபர் படகை ஒற்றைக் கழியால் நிறுத்த முடியாது. கரையோ வடக்கே. கடல் தெற்கே. மனைவி ஓயாமல் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஜனவரியில் மேட்டூர் இன்னும் மூடியிருக்காது. வழக்கமாக ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடுவார்கள். வயலில் வடிந்த தண்ணீர் கோரையாறு, பாமணியாறு வழியாக வடக்கிலிருந்து லகூனுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். உப்பு குறைந்தால் ஆற்று வாய் பக்கம், கூடினால் கடல் பக்கம். அவர் நாக்கு சரியாகத்தான் சொன்னது. படகு கடல் பக்கம் போய்க்கொண்டிருந்தது. தெரிந்தும் தடுக்க முடியவில்லை. தண்ணீர் வடிந்தபோது ஒரு சேற்றுத் திட்டில் ஏறி நின்றுவிட்டார்கள். நின்றதே நல்லது என்று இப்போது சொல்கிறார்கள்.

தாகத்தில் கணவர் இரண்டு கை அள்ளிக் குடித்தார், வாந்தி வந்தது. நம் சிறுநீரகம் ஏறக்குறைய 2 சதவீத உப்புக்கு மேல் செறிவாகச் சிறுநீரை ஆக்க முடியாது. கடல்நீரில் உப்பு சுமார் 3.5 சதவீதம். குடித்த உப்பை வெளியேற்ற, குடித்ததைவிட அதிகத் தண்ணீரை உடம்பு இழக்கும். லகூன் தண்ணீர் அவ்வளவு உப்பில்லை என்றாலும் வெறும் வயிற்றில் அது போதும். வேர்களில் ஒட்டியிருந்த சிப்பியைப் பச்சையாகத் தின்ன அவர் கேட்டபோது மனைவி விடவில்லை. தேங்காயும் வாழைப்பழமும்தான் அந்த இரண்டு நாளின் சாப்பாடு.

இரண்டாம் இரவு பற்றி இருவருமே அதிகம் சொல்வதில்லை. வடக்கே டவரின் சிவப்பு விளக்கு தெரிந்தது, ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம் என்பதோடு நிறுத்திவிடுவார்கள். நானும் கேட்கவில்லை.

துறையில் இரண்டு நாளாக நின்ற பைக்கை ஒருவர் பார்த்து விசாரித்ததில்தான் விஷயம் வெளிப்பட்டது. மூன்றாம் நாள் காலை தம்பியும் ஊர்க்காரர்களும் இரண்டு படகில் வந்து சேர்ந்தார்கள். ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றி, கை காயத்துக்குத் தையல் போட்டு அனுப்பினார்கள். கண் சில நாளில் சரியானது. பின்னால் கணக்குப் போட்டால் சாவு அவ்வளவு பக்கத்தில் வரவில்லை என்று சொல்லலாம். இரண்டாம் நாள் சாயங்காலம் சேற்றுத் திட்டில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தக் கணக்கு தெரியாது.

காதலா, படபடப்பா

திரும்பி வந்து என் எதிரே உட்கார்ந்தபோது இருவரும் கையைக் கோத்துக்கொண்டிருந்தார்கள். புதுசாகக் கல்யாணமானவர்கள் மாதிரி. எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் நம்பிக்கை வரவில்லை.

1974இல் டட்டன், ஆரன் என்ற இரண்டு உளவியலாளர்கள் கனடாவில் செய்த ஒரு சோதனை எங்கள் துறையில் பிரபலம். ஆழமான பள்ளத்தாக்குக்கு மேல் ஆடும் கபிலானோ தொங்குபாலத்தில் நடந்த ஆண்களையும், கெட்டியான தாழ்ந்த பாலத்தில் நடந்த ஆண்களையும் ஒரு பெண் சந்தித்துக் கேள்விகள் கேட்டு, தன் போன் எண்ணையும் கொடுத்தார். தொங்குபாலத்து ஆட்கள்தான் அதிகம் போன் செய்தார்கள். பயத்தில் வந்த படபடப்பை மனம் ஈர்ப்பு என்று எடுத்துக்கொள்கிறது என்பது அவர்கள் விளக்கம். அந்தச் சோதனையின் முறை பற்றி விமர்சனங்கள் உண்டு. இருந்தாலும் விபத்து, வெள்ளம், ஆஸ்பத்திரி என்று எந்த ஆபத்திலிருந்தும் சேர்ந்து வெளிவந்த தம்பதிகளிடம் இந்தத் திடீர்ச் சூட்டை நான் பார்த்திருக்கிறேன். பால் பொங்கி அடங்குவது போல அதுவும் அடங்கும்.

துன்பத்துக்குப் பிறகு மனிதர் வளர்வதும் உண்டு. டெடெஸ்கி, கல்ஹூன் என்ற உளவியலாளர்கள் 1996இல் அதை அளக்க ஒரு கேள்விப் பட்டியலே வெளியிட்டார்கள். உறவுகளோடு நெருக்கம், தன் பலத்தை உணர்வது, வாழ்க்கையை மதிப்பது போன்றவை அதில் அடங்கும். ஆனால் அவர்கள் சொல்வதையும் கவனிக்க வேண்டும்: வளர்ச்சி அதிர்ச்சியிலிருந்து வருவதில்லை, அதிர்ச்சிக்குப் பிறகு மனிதர் நடத்தும் போராட்டத்திலிருந்து வருகிறது. காட்டு முகாம் யோசனையில் விடுபடுவது இதுதான். ஆபத்தை ஏற்பாடு செய்துவிடலாம். போராட்டத்தை யார் ஏற்பாடு செய்வது?

அதனால் மனுவை உடனே வாபஸ் வாங்க வேண்டாம், ஆறு மாதம் ஓடட்டும் என்றேன். இருவருக்கும் என்மேல் வருத்தம். மனைவி கும்பகோணம் வீட்டுக்குத் திரும்பிப் போனார்.

மூன்றாவது வாரம்

கணவரின் அத்தை மாமா குடும்பம் வந்திருந்தது. எல்லோரும் கதை கேட்க உட்கார்ந்தார்கள். கணவர் சொல்ல ஆரம்பித்தார். நல்லாவே கதை சொல்வாராம். படகு சிக்கியது, சேறு, நரி, தாகம் எல்லாம் வந்தது. "ராத்திரி தண்ணி ஏறிச்சு. ஆனா நான் கிளம்பல. இருட்டுல போனா செத்தோம்னு புரிஞ்சுது. மரத்துல கட்டிட்டேன்."

மனைவி சமையலறையில் காபி ஆற்றிக்கொண்டிருந்தார். டம்ளரை அப்படியே வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு திருவாரூர் பஸ் ஏறிவிட்டார்.

கணவர் மறுநாள் என்னிடம் வந்தபோது அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. பொய் சொல்லும் நோக்கம் இல்லை, சொல்லச் சொல்லக் கதை அப்படி வந்துவிட்டது என்றார். நான் நம்புகிறேன். ஒரு குடும்பத்துக்குள் யார் பேச்சில் யார் நாயகன் என்பது பல வருடப் பழக்கம். இரண்டு ராத்திரியில் அது அழியாது. முதல் சந்திப்பில் மனைவி சொன்ன வரியைக் குறிப்பேட்டிலிருந்து எடுத்து அவருக்குப் படித்துக் காட்டினேன். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்: "இப்ப நான் என்ன செய்யணும்?" எனக்குத் தெரியாது, அவரிடமே கேளுங்கள் என்றேன்.

கேட்டிருக்கிறார். மனைவி கேட்டது மன்னிப்பு இல்லை. அதே அத்தை மாமாவைக் கூப்பிட்டு, அதே கூடத்தில், நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். கணவர் சொன்னார். மாமியாருக்கு அது பிடிக்கவில்லை, மகன் மானத்தை வாங்கிக்கொண்டதாக வருத்தப்பட்டார். ஆனால் அன்றைக்கு அத்தை, உப்பை நாக்கில் வைத்துத் திசை சொல்வது எப்படி என்று மருமகளிடம் திரும்பிக் கேட்டாராம். அந்த வீட்டில் மனைவியின் குப்பத்தைப் பற்றி ஒருவர் கேள்வி கேட்டது அதுவே முதல் தடவை. இந்த வழக்கில் திருப்பம் எது என்று என்னைக் கேட்டால் அலையாத்தியைச் சொல்ல மாட்டேன், கும்பகோணத்துக் கூடத்தைத்தான் சொல்வேன்.

அதன்பிறகு நடந்தவை பெரிய சம்பவங்கள் இல்லை. திருவாரூரில் ஒரு வீடு வாடகைக்கு எடுத்தார்கள். கணவருக்கு வேலை லேப்டாப்பில்தான், எங்கிருந்தால் என்ன. வாரக் கடைசியில் கும்பகோணம். திருவாரூர் வீட்டில் மீன் சமைக்கிறார் மனைவி. கணவர் மடவைக் குழம்பு வரை வந்திருக்கிறார், நண்டு இன்னும் ஆகவில்லை. மாமியார் அந்த வீட்டுக்கு வந்தால் சொம்பில் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுக் கிளம்புகிறார். அதில் மாற்றம் ஒன்றும் இல்லை, வரும் என்று மனைவி எதிர்பார்க்கவும் இல்லை. ஆறு மாதம் முடிந்தது. இரண்டாவது கோரிக்கையை இருவரும் வைக்கவில்லை.

முகாம் நடத்தலாமா என்று கேட்ட நண்பர்களுக்கு நான் ஒரு விஷயம்தான் சொல்ல முடியும். இந்தப் பெண்ணுக்குத் தெரிந்த இடத்தில், கணவருக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் விபத்து நடந்தது தற்செயல். இதே இருவரும் மலையில் வழி தவறியிருந்தால், இருவருக்கும் ஒன்றும் தெரியாத நிலையில், கணவரே பழையபடி முன்னால் நடந்திருப்பார். ஆகவே ஆலோசனையில் நான் இப்போது கேட்கும் கேள்விகள் கொஞ்சம் மாறியிருக்கின்றன. உங்கள் துணைக்கு நன்றாகத் தெரிந்து உங்களுக்குத் தெரியாதது என்ன? அதைக் கடைசியாக எப்போது அவரிடம் கேட்டீர்கள்? நிறையப் பேர் முதல் கேள்விக்கே பதில் சொல்ல முடியாமல் சிரித்து மழுப்புகிறார்கள்.

கடைசியாக இருவரும் வந்திருந்தபோது அப்பாவின் படகைப் பற்றித் தகராறு. விற்றுவிடலாம் என்கிறார் தம்பி. மனைவி புது இன்ஜின் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறார். கணவர் பாதிப் பணம் தருகிறேன் என்று சொன்னதற்கு, எங்கப்பா படகுக்கு நீங்க ஏன் தரணும் என்று கோபம். என் எதிரிலேயே அரை மணி நேரம் கத்திக்கொண்டார்கள். இன்ஜின் இன்னும் வாங்கவில்லை.